கவர்னரைக் கழற்றாதீர்!

பம்பலப்பிட்டியில் நெல் விளைவதில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வாழும் எம்மவர் சேறு மிதிப்பது மாரிமழையில் வெள்ளம் தேங்கும் நாட்களில் மட்டுமே. ஆயினும், இங்கே குடியிருக்கும் வைத்தியர், வழக்கறிஞர், கணக்காளர், பொறியியலாளர் ஆகியோரில் எத்தனையோ பேருடைய வேர் இன்னும் வன்னி மண்ணிலும் மட்டக்களப்புப் படுவான்கரையிலும் ஊன்றி நிற்கின்றது. விதைப்புக் காலம் வந்ததும் இவர்கள் ஊருக்குப் பணம் அனுப்புகின்றார்கள். உழவு முடிந்ததா என்று தொலைபேசியிற் கேட்கின்றார்கள். ஆகையால் உழவு இயந்திரத்தைப் பற்றி இவ்விடத்திலிருந்து நாம் எழுதுவதைக் கண்டு எவரும் வியக்கவேண்டியதில்லை.

சென்ற வாரம் எமது நண்பர் ஒருவரின் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். கிளிநொச்சியிலிருந்து அவருடைய மருமகன் தொலைபேசியில் அழைத்தான். இரணைமடுக் குளத்து நீரிற் பயிர் செய்யும் குடும்பம். அவர்களிடம் இருப்பது மசி பேர்குசன் 135 என்னும் உழவு இயந்திரம். பாட்டனார் காலத்துச் சொத்து.

"மாமா, பஞ்சிகாவத்தையில் பழைய டர்போ ஒன்று பார்த்து அனுப்புவீர்களா? பம்பை இங்கேயே திறந்துவிடலாம். தைப்பொங்கலுக்கு இழுவைப் போட்டி வைக்கப் போகின்றோம்."

"எதை இழுக்கப் போகின்றீர்கள், தம்பி?"

"ஒரு மெசினை இன்னொரு மெசின் இழுக்கும், மாமா. பஞ்சாபிற் செய்கின்றார்களே, நீங்கள் பார்க்கவில்லையா?"

நண்பர் பார்த்திருக்கவில்லை, நாமும் பார்த்திருக்கவில்லை. மருமகன் உடனே படங்களை அனுப்பினான். இரண்டு உழவு இயந்திரங்கள் முதுகோடு முதுகாகச் சங்கிலியாற் பிணைக்கப்பட்டு நிற்கின்றன. புகைக்குழாய்களிலிருந்து கரும்புகை தூண் தூணாய் எழுகின்றது. முன்சில்லுகள் நிலத்தை விட்டு ஆளுயரம் கிளம்புகின்றன. இரு மருங்கிலும் மக்கள் வேலி போல் நெருங்கி நிற்கின்றனர். சிறுவர்கள் தந்தையர் தோளில் அமர்ந்து கைதட்டுகின்றனர். அந்தச் சிறுவர்களைக் கண்டபோதுதான் எமக்கு நெஞ்சு திக்கென்றது.

பஞ்சாபியர் இதனைத் "தோச்சன்" என்பர். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் இப்போட்டி பெரும் மோகமாக வளர்ந்துள்ளது. இதற்கென அவர்கள் விரும்பித் தேடுவது எச்.எம்.டி. 5911 என்னும் இயந்திரம். பிஞ்சோரில் இந்திய அரசின் ஆலை 1971ஆம் ஆண்டு முதல் உழவு இயந்திரங்களைச் செய்துவந்தது. அவ்வாலையை மூடுவதென 2016ஆம் ஆண்டிலே முடிவாயிற்று. ஆகவே இப்போது களத்தில் இழுப்பவை பழைய இரும்பு என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

அங்கே நிகழ்ந்தவற்றையும் அறிதல் வேண்டும். 2022 ஜூலையில் ராஜஸ்தானத்தின் சிறீ கங்காநகர் மாவட்டத்துப் பதம்பூரில் தானியச் சந்தையில் நடந்த போட்டியைக் காண மக்கள் தகரக் கூரையின் மீதேறி நின்றனர். கூரை சரிந்தது, மிகப் பலர் காயமுற்றனர். 2023 அக்டோபர் இறுதியில் பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்துச் சர்சூர் கிராமத்தில், விளையாட்டு விழா ஒன்றில் வித்தை காட்டிய இளைஞர் ஒருவர், முன்சில்லுகள் உயர்ந்தபடி ஆளின்றிச் சுழன்றுகொண்டிருந்த தம் இயந்திரத்தின் சில்லில் அகப்பட்டுக் கூடியிருந்தோர் கண்முன்னே மாண்டார். இரண்டொரு நாளில் முதலமைச்சர் பகவந்த் மான் இத்தகைய வித்தைகளுக்கு மாநிலம் முழுவதும் தடை விதித்தார். வயலுக்கு அரசனாகிய இயந்திரத்தைக் காலனின் தூதனாக்க வேண்டாம் என்பது அவர் இளைஞருக்கு விடுத்த வேண்டுகோளின் சாரம். தடையின் பின் எல்லாம் அடங்கிற்றா? இல்லை. 2024 ஜூனில் பக்வாராவுக்கு அண்மையிலுள்ள தொமேலியில் தடையை மீறிப் பந்தயம் நடந்தது. இயந்திரம் ஒன்று கூட்டத்துட் புகுந்து பலரைக் காயப்படுத்தியது. காகிதத்தில் எழுதிய தடை மோகத்தை அடக்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

"மருமகன் வித்தை காட்டப் போவதில்லையே, இழுக்கத்தானே போகின்றான்?" என்று நண்பரின் துணைவியார் கேட்டார். கேள்வி நியாயமானதே. வித்தையின் ஆபத்து எவர் கண்ணுக்கும் தெரியும். இழுவையின் ஆபத்தோ எஞ்சினுக்குள்ளே ஒளிந்திருக்கின்றது. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். இயந்திரம் அறிந்தோர் பொறுத்தருள்க.

மசி பேர்குசன் 135இன் டீசல் எஞ்சின் பேர்க்கின்ஸ் கம்பனியின் படைப்பு. மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் 127 மில்லிமீற்றர் தூரம் ஏறி இறங்கும். அதன் நியமித்த உச்ச வேகம் நிமிடத்துக்கு 2250 சுற்று. இவ்வேகத்திற் பிஸ்டன் நொடிக்கு முப்பத்தேழு தடவைக்கு மேல் உச்சிக்குப் போய், அங்கே நின்று, திரும்பி வருகின்றது. ஓடும் பொருளை நிறுத்தித் திருப்புவதற்கு ஒருவர் அதனைப் பிடித்திழுக்க வேண்டுமன்றோ? இங்கே பிடித்திழுப்பது கொனெக்டிங் றொட். அதன் அடியைக் கிராங்குடன் பிணைத்து நிற்பவை இரண்டு சிறிய போல்ட்டுகள். கணக்கிட்டுப் பார்த்தால், 2250 சுற்றில் உச்சியிலே திரும்பும் ஒவ்வொரு கிலோ எடையும் 400 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாய் அந்தப் போல்ட்டுகளை இழுக்கின்றது. எரிந்த புகை வெளியேறும் வீச்சிலே பிஸ்டனை மேலிருந்து அழுத்தித் தாங்கும் வாயுவும் இல்லை. முழுப் பாரமும் போல்ட்டுகளின் தலையிலேயே விழும்.

வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் பாரமும் ஒன்றரை மடங்காகும் என்று நினைப்போர் பலர். அவ்வாறன்று. வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பாரம் பெருகும். ஒன்றரை மடங்கு வேகத்துக்கு இரண்டேகால் மடங்கு பாரம். இரட்டை வேகத்துக்கு நான்கு மடங்கு. 400 கிலோ 1600 கிலோவாகின்றது. ஐம்பது ஆண்டு உழைத்த போல்ட்டு, எத்தனையோ தடவை கழற்றிப் பூட்டிய போல்ட்டு, எந்தக் கராஜில் எந்த அளவுக்கு முறுக்கினார்கள் என்று எவருக்கும் தெரியாத போல்ட்டு, இதனை எத்தனை நொடி தாங்கும்? தாங்காத கணத்தில் றொட் எஞ்சினின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே பாயும். அதனோடு கொதிக்கும் எண்ணெயும் பாயும்.

இதைவிடக் கொடியது பிளைவீல். கனத்த வார்ப்பிரும்புத் தட்டு, அதன்மேல் கிளச். சுழலும் வேகம் கூடக்கூட அதன் விளிம்பு வெளியே பறக்க முயலும். இந்த விசையும் அதே வர்க்கக் கணக்கில்தான் வளரும். வார்ப்பிரும்பு நசுக்கினாற் பொறுக்கும், இழுத்தாற் பொறாது. பழைய கிளச்சைப் பாதி அழுத்திப் பாதி விட்டு இழுக்கும்போது தட்டு நீலம் பாரிக்கச் சூடேறும். ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்புகள் தோன்றும். அந்த வெடிப்பிலிருந்துதான் ஒருநாள் அது சிதறும். சிதறும் துண்டுகள் எத்திசையிற் செல்லும் என்பதை வாசகர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவை சுழலும் தளத்திலே, அதாவது இயந்திரத்தின் இடப்புறமும் வலப்புறமும் மேலும் கீழுமாகப் பறக்கும். கூட்டம் நிற்பது எங்கே? இடப்புறமும் வலப்புறமும். ஓட்டுபவன் பாதங்களோ பிளைவீலுக்குச் சற்றுப் பின்னே. இனி, தந்தையின் தோளில் இருந்த சிறுவனைக் கண்டு நாம் ஏன் திடுக்கிட்டோம் என்பது விளங்கும்.

இவ்வளவும் நிகழாமற் காக்கவே பம்பினுள் ஒரு காவலாளியை வைத்திருக்கின்றார்கள். அதன் பெயர் கவர்னர். வேகம் எல்லையைத் தொட்டதும் எரிபொருளைக் குறைத்து எஞ்சினை அடக்குவது அதன் தொழில். உச்ச வேகத்தைத் தீர்மானிக்கும் திருகாணியிற் கம்பி கோத்து ஈயமுத்திரையிட்டு அனுப்புவது பம்ப் செய்தோரின் வழக்கம். "பம்பைத் திறந்துவிடுவது" என்று எமது பிள்ளைகள் கூறுவது அம்முத்திரையை உடைப்பதைத்தான். அரசியல் ஏடு என்ற முறையில் நாம் எத்தனையோ கவர்னர்களைக் குறை கூறுபவர்கள். அவர்களுள் அகற்றப்படவேண்டியோர் உண்டு என்பதும் எமது கருத்து. ஆனால் இந்த ஒரு கவர்னரை மட்டும் எவரும் அகற்றலாகாது. தேரிழுப்புக் கண்டவர்களுக்கு வேறு உவமை வேண்டியதில்லை: வடம் பிடிப்போர் ஆயிரம் பேர், முட்டுக்கட்டை போடுவோர் நால்வர், அந்த நால்வரை விலக்கிவிட்டுத் தேர் இழுக்கும் ஊர் உண்டா?

டர்போ பூட்டுவதில் இன்னொரு வினை இருக்கின்றது. டீசல் எஞ்சினுக்குக் காற்றைத் தடுக்கும் கதவு கிடையாது. எரிபொருளின் அளவே அதன் கடிவாளம். டர்போவின் தேய்ந்த சீல் வழியாகவோ, தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் வழியாகவோ எஞ்சின் தன் சொந்த எண்ணெயையே உறிஞ்சத் தொடங்கினால், அதனையே எரித்துக்கொண்டு மேலும் மேலும் விரையும். நிறுத்தும் பிடியை இழுத்தாற் பம்பு நிற்கும், எஞ்சின் நிற்காது. எண்ணெய் தீரும்வரை, அல்லது இரும்பு உடையும்வரை ஓடும். காற்று புகும் வழியை அடைத்தால் மட்டுமே அடங்கும். அந்த நேரத்தில் யார் அருகே போய் அடைப்பது?

கவிழ்வதைப் பற்றி விவசாய வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சேற்றிற் புதைந்த சில்லை வெளியேற்ற முயன்று பின்புறமாகக் கவிழ்ந்தவற்றை அவர்கள் அறிவார்கள். பின்சில்லு அசையாது எஞ்சின் மட்டும் முறுக்கினால், சில்லுக்குப் பதிலாக இயந்திரமே அச்சைச் சுற்றி எழும். சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டினால் இன்னும் விரைவில் எழும். ஒரு நொடிக்குள் மீட்க முடியாத நிலை வந்துவிடும். ஓட்டுபவன் நினைத்து முடிக்குமுன் எல்லாம் முடிந்துவிடும். சுவீடன் தேசம் புதிய உழவு இயந்திரங்கள் யாவற்றுக்கும் காப்புச் சட்டம் பூட்டவேண்டும் என்று 1959ஆம் ஆண்டிலேயே விதித்தது. அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. எமது வயல்களில் ஓடும் பழைய இயந்திரங்களிற் பலவற்றில் மழைக்குக் கட்டிய தகரக்கூரையைத் தவிர வேறு காப்பு இல்லை.

இவ்விடத்தில் எமது மெக்கானிக்மார் சினங்கொள்ளக் கூடும். "தொண்ணூறுகளில் பெற்றோலும் டீசலும் யாழ்ப்பாணத்துக்கு வராதபோது மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாங்கள்; எங்களுக்கா இயந்திரம் கற்பிக்கின்றீர்?" என்பர். உண்மை. சில துளி பெற்றோல் காட்டி எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயிலே ஆஸ்டின் கார்களை ஓடவைத்த கைகளுக்கு நாம் என்றும் தலைவணங்குகின்றோம். ஆனால் அந்தத் திறமை எதற்குப் பயன்பட்டது? இயந்திரத்தைக் குறைந்த தீனியில், மெல்ல, இன்னும் ஒருநாள் உயிரோடு வைத்திருப்பதற்கு. அதே கைகள் அதே இயந்திரத்தைப் பத்து நிமிடப் போட்டிக்காகக் கொல்லப் புறப்படுவதையே நாம் கண்டிக்கின்றோம்.

இந்த இயந்திரங்கள் எமக்கு யார் என்பதையும் சிறிது நினைத்தல் தகும். 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தபோது, உழவு இயந்திரத்தின் பெட்டியிலேதான் நெல்மூடையும் கிழவியும் கைக்குழந்தையும் சென்றன. இரவிற் பெட்டியின் அடியிற் படுத்தனர். காயப்பட்டோரை அதிலே கொண்டோடினர். கடைசியில் அவற்றையும் கைவிட்டு வெறுங்கையுடன் வந்தோர் பலர். மீண்டபின் கடன்பட்டு, துருவைச் சுரண்டி, பாகம் பாகமாகத் தேடிப் பூட்டி எழுப்பியவை இன்று ஓடுபவற்றுட் பல. 2022ஆம் ஆண்டில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபாவாயிருந்தது சில வாரங்களில் 350ஐக் கடந்தபின், புதிய இயந்திரம் என்பது சிறு விவசாயிக்குக் கானல்நீராயிற்று. அவ்வாண்டில் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களும் இவர்களே. போட்டியில் ஓர் எஞ்சின் சிதறினால் அது ஒரு வீட்டின் நட்டம் மட்டுமன்று; அதனைக் கூலிக்கு அமர்த்தும் அயல் வயல்களும் உழவின்றிக் கிடக்கும். விதைப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அப்படியானால் இளைஞருக்கு விளையாட்டே வேண்டாமா? அவ்வாறு கூறுவோர் சங்கத்தில் நாம் சேர்ந்ததில்லை. வண்டிச் சவாரியைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். சவாரித் திடலின் ஆரவாரம் எமக்கும் இனித்ததுண்டு. இயந்திர இழுவையையும் உலகம் முறைப்படுத்தியிருக்கின்றது. அமெரிக்காவிலே 1929ஆம் ஆண்டு முதல் இப்போட்டி நடந்துவந்தது; ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதி. 1969ஆம் ஆண்டில் எட்டு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடித் தேசியச் சங்கம் அமைத்துப் பொது விதி வகுத்தனர். அங்கே இயந்திரத்தோடு இயந்திரம் இழுப்பதில்லை. முன்னேறுந்தோறும் பாரம் கூடும் சறுக்குவண்டியை ஒவ்வொன்றாக இழுக்கின்றனர். மாற்றியமைத்த எஞ்சினின் பிளைவீலையும் கிளச்சையும் சூழத் தடித்த உருக்குக் கவசமும், எஞ்சினின் பக்கங்களுக்குக் கேடயமும் இடுகின்றனர். சறுக்குவண்டியிலிருந்து ஒரு கயிறு. அது அறுந்தால் எஞ்சினுக்குக் காற்றும் தீனியும் தாமாகவே நிற்கும். பார்ப்போர் தூரத்தே, தடுப்புக்கு அப்பால். இவையெல்லாம் பணச்செலவு மிக்கவை. இச்செலவைத் தாங்கும் வல்லமை எமது கிராமங்களுக்கு இன்று இல்லையென்றால், முத்திரை உடைத்த எஞ்சினைக் களத்தில் இறக்கும் உரிமையும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இது. 2025 மே மாதத் தேர்தலில் மக்கள் வாக்கைப் பெற்றுப் பிரதேச சபைகளில் அமர்ந்தோர், தம் மைதானங்களில் உழவு இயந்திரப் போட்டிக்கு எவரேனும் அனுமதி கேட்டால், பொன்னாடைக்கு நாள் குறிக்குமுன் நான்கு கேள்வி கேட்கவேண்டும்: பம்பின் முத்திரை உடையாதிருக்கின்றதா? பிளைவீலுக்குக் கவசம் உண்டா? ஓட்டுபவன் தலைக்குமேற் காப்புச் சட்டம் உண்டா? மக்கள் எங்கே நிற்பர்? ஒன்றுக்கேனும் தகுந்த விடை இல்லையேல் அனுமதி மறுக்கவேண்டும். சாலைக்குச் சட்டம் உண்டு, வயலுக்கு இல்லை என்று கையை விரிப்பது பொறுப்புள்ளோர் செயலாகாது. பஞ்சாபைப் போல ஓர் உயிரைக் கொடுத்துத்தான் விதியைப் பெறவேண்டுமா?

தடையோடு நிற்கவும் கூடாது. தடை தோற்றதைத் தொமேலியிற் கண்டோம். இளைஞருக்கு மாற்று ஒன்றைக் காட்டவேண்டும். அது புதியதுமன்று. 1953ஆம் ஆண்டில் கனடாவின் கோபேர்க் நகரில் முதலாவது உலக உழவுப் போட்டி நடைபெற்றது. அன்று முதல் நாட்டுக்கு நாடு அது தொடர்கின்றது. சால் நேராயிருக்கின்றதா, ஆழம் ஒரே சீராயிருக்கின்றதா, புல் முற்றாகப் புரண்டு மறைந்ததா என்று நடுவர் அளந்து புள்ளி இடுகின்றனர். அதில் வெல்லக் கரும்புகை வேண்டாம், டர்போ வேண்டாம்; கண்ணும் கையும் பொறுமையும் வேண்டும். கவர்னர் தன் தொழிலைச் செய்துகொண்டே இருக்கலாம். எமது நெல்வயலுக்கு ஏற்ப விதிகளை மாற்றிக்கொள்ளலாம்: வரம்பு குலையாமல் மூலை வரை உழுதவருக்கு இத்தனை, குறைந்த டீசலில் முடித்தவருக்கு இத்தனை என்று. வெளியூரிலும் கொழும்பிலும் வாழும் எம்மவர் ஊர்க் கழகங்களுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் பரிசாகட்டும். மட்டையடிக் கிண்ணத்துக்குக் கொடுக்கும் கை இதற்கும் நீளாதா?

நண்பர் பஞ்சிகாவத்தைக்குப் போனார், டர்போ வாங்கவில்லை. மருமகனை அழைத்து, காப்புச் சட்டம் ஒன்று செய்விக்கவும், கிளச்சைக் கழற்றிப் பிளைவீலில் வெடிப்பு உண்டா என்று பார்க்கவும் பணம் தருவதாகக் கூறினார். உழவுப் போட்டியைப் பற்றியும் சொன்னார். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை.

"சரி மாமா, அளந்து புள்ளி போட எங்களூரில் நடுவர் யார் இருக்கின்றார்கள்?" என்றான்.

நண்பர் எம் முகத்தைப் பார்த்தார். அவர்கள் வயலிலிருந்து சிறிது தூரத்திலே, கிளிநொச்சி அறிவியல் நகரிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. அங்குள்ள பேராசிரியர்களும் மாணவர்களும் இவ்வரிகளைக் காண்பார்களாயின், அந்தப் பையனின் கேள்விக்கு விடை கூறவேண்டியவர்கள் அவர்களே.